உணவை அளந்த வாலஸ் அய்க்ராய்டு

டப்ளினில் மருத்துவம் பயின்ற வாலஸ் அய்க்ராய்டு (1899–1979), 1935இல் குன்னூர் உணவூட்ட ஆய்வகத்தின் இயக்குநரானார். கேழ்வரகு, துவரை, முருங்கைக்கீரை என எளியோர் உண்பனவே அங்கு ஆய்வுப் பொருள்களாயின. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதத்தையும், ஈதரில் கரைத்துக் கொழுப்பையும் கண்டனர். இவற்றோடு ஈரமும் சாம்பலும் நாரும் போக எஞ்சியது கார்போஹைட்ரேட். 1937இல் அவ்வளவுகள் நூலாயின.

அந்நாளில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட சென்னை மாகாணத்து வடகடற்கரை மாவட்டங்களைப் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிது. அம்மூன்று சத்துகளில் இரண்டு அரிசிக்கும் பெரிய வேறுபாடில்லை. பி1 உயிர்ச்சத்திலேயே வேறுபாடு இருந்தது. நெல்லை அவிக்கையில் அச்சத்து மணியின் உள்ளே இறங்குகிறது. பின்னர்த் தீட்டினாலும் பெரும்பகுதி தங்குகிறது. நம் பெண்டிர் வழிவழியாகச் செய்துவந்த வேலைதான் அது! இதனை அய்க்ராய்டு குழுவினர் 1940இல் விரிவாக எழுதி வெளியிட்டனர்.