ஸ்பீக்கர் முதுகில் ஒரு வாத்தியார்

போன பொங்கலன்று எங்க வீட்டு ஆம்ப்ளிஃபயர் புகைந்ததற்கு நான்தான் காரணம். மாமா வீட்டுப் பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து, இருந்த ஸ்பீக்கரின் ஒயரோடே சேர்த்து முறுக்கிவிட்டேன். அரை மணி நேரம் பாட்டு ஜோராகக் கேட்டது. அப்புறம் கருகல் வாடை. அப்பா ஒண்ணும் சொல்லல. அதுதான் பயமா இருந்தது.

ரிப்பேர் கடை அண்ணன் ஸ்பீக்கரைத் திருப்பி, 8 ஓம் என்று போட்டிருப்பதைக் காட்டினார். கோயில் ஓம் இல்லீங்க, ஒரு வாத்தியாரின் பெயர்!

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. தானாகவே படித்து, பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ஓமுக்குப் பத்து வயதில் அம்மா இறந்துவிட்டார். பல்கலைக்கழகம் போனவர் நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று சுற்றினார். கோபம் வந்த அப்பா அவரை சுவிட்சர்லாந்துக்கு அனுப்ப, அங்கே கணக்கு வாத்தியார் ஆனார். (நம்ம வகுப்பில் சிலருக்கு இந்த இடம் பிடிக்கும்!)

1817-ல் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர் வேலை. அங்கேதான் மின்சாரச் சோதனைகள். அந்தக் கால பேட்டரியில் மின்சாரம் ஒரே சீராக வராது. அதனால் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, சீரான மின்சாரம் எடுத்தார். கம்பி நீள நீள மின்சாரம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். 1827-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். பல்கலைக்கழக வேலை கிடைக்கும்னு நம்பினார் பாவம். பெரிய ஆட்கள் கண்டுக்கவே இல்லை. மனசு வெறுத்து, இருந்த வேலையையும் விட்டுவிட்டார்.

1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் தந்தது. ஆசைப்பட்ட இயற்பியல் பேராசிரியர் பதவி மூனிக்கில் 1852-ல்தான் கிடைத்தது. 1854-ல் இறந்துவிட்டார். அவர் பெயர் மின்தடையின் அலகானது 1881-ல், பாரிஸ் மாநாட்டில்.

என் தப்புக்கு அவர் விதியிலேயே கணக்கு இருக்கு. 12 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் 1.5 ஆம்பியர். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை நான் மாட்டியபடி பக்க இணைப்பில் மாட்டினால் மொத்தம் 4 ஓம்தான். மின்சாரம் 3 ஆம்பியர், இரண்டு மடங்கு! எங்க ஆம்ப்ளிஃபயர் 8 ஓமுக்குக் கீழே தாங்காது. அது பின்பக்கமே அச்சடித்திருந்தது, நான்தான் பார்க்கல.

இன்னொன்று. மீட்டர் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 தான் காட்டும். பாட்டு என்பது மாறுதிசை மின்சாரம், அதற்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு இம்பிடன்ஸ். அது சுருதிக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும்.

இப்போ இரண்டையும் தொடர் இணைப்பில் மாட்டியிருக்கோம், 16 ஓம். சத்தம் கொஞ்சம் கம்மி. அப்பா மட்டும் பாட்டு போட்டதும் ஆம்ப்ளிஃபயர் மூடியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.