மக்கள் தலைவர் வ. சுப்பையா

அரசலாறு கடலோடு கலக்கும் காவிரிப் படுகையின் துறைமுக ஊர் காரைக்கால். 1739ஆம் ஆண்டு தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற இப்பகுதிக்குக் கிழக்கே கடல். மற்றத் திசைகளில் தஞ்சை மண். இருபுறத்து மக்களுக்கும் மொழி ஒன்று. பாசன நீர் ஒன்று. கொள்வினை கொடுப்பினையும் ஒன்று. ஆட்சி மட்டுமே வேறு. 1947 ஆகஸ்டு 15 அன்று தஞ்சையில் இந்தியக் கொடி ஏறியபோதும் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடியே பறந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் எனச் சிதறிக் கிடந்த பிரெஞ்சிந்தியாவின் விடுதலைக்கு உழைத்தோருள் முதன்மையானவர் வ. சுப்பையா.

இளமையும் இதழ்ப்பணியும்

சுப்பையா 1911 பிப்ரவரி 7ஆம் நாள் புதுச்சேரியில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே பொதுவாழ்வில் நாட்டம் கொண்ட அவர், தீண்டாமை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். 1934 பிப்ரவரியில் அரிசனத் தொண்டுப் பயணம் மேற்கொண்டிருந்த காந்தியடிகள் காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் வந்தார். புதுச்சேரிக்கு அவரை வரவழைத்ததில் சுப்பையாவுக்குப் பெரும்பங்குண்டு. அதே ஆண்டில் 'சுதந்திரம்' என்னும் இதழைத் தொடங்கி, அரசியல் உரிமையையும் உழைப்பவர் உரிமையையும் ஒருசேர எழுதினார்.

ஆலைத் தொழிலாளர் போராட்டம்

அக்காலத்தில் புதுச்சேரியின் பஞ்சாலைகளில் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகுக்கு உரைத்த பிரான்சு, தன் நாட்டுத் தொழிலாளிக்கு அளித்த உரிமையைக் குடியேற்ற நாட்டுத் தொழிலாளிக்கு மறுத்தது. இம்முரண்பாட்டையே சுப்பையா தம் போராட்டத்தின் அடிப்படையாக்கினார்.

1936 சூலை 30ஆம் நாள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த சவானா ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. பன்னிரு தொழிலாளர் உயிரிழந்தனர். அப்போது பிரான்சில் இலியோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு ஆட்சியில் இருந்தது. சுப்பையா 1937இல் பாரிசு சென்று, ஆட்சியாளர்களிடம் தொழிலாளர் நிலையை எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கெனத் தொழிலாளர் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சங்க உரிமையும் எட்டு மணி நேர வேலையும் நடைமுறைக்கு வர அது வழி திறந்தது. தெருவில் சிந்திய குருதிக்கு அரசு மேசையில் நீதி கேட்ட தூதராகச் சுப்பையா விளங்கினார்.

மன்றமும் வெளியேற்றமும்

1946இல் நடைபெற்ற பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் அவர் உருவாக்கிய தேசிய சனநாயக முன்னணி பெரும்பான்மை பெற்றது. 1947இல் பிரெஞ்சு நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானார். பிரான்சின் அவையில் அமரும் பெருமை அவரை விடுதலைக் கோரிக்கையிலிருந்து விலகச் செய்யவில்லை. அதனால் அவர் அடைந்த இன்னல்கள் பல. அடக்குமுறையும் வெளியேற்றமும் தொடர்ந்தன. 1950இல் அவரது இல்லம் தீக்கிரையாக்கப்பட்டது. துணைவியார் சரசுவதி சுப்பையாவும் போராட்டத்தில் தோள் கொடுத்தார். பிறந்த ஊரினுள் நுழைய இயலாத காலத்தில், எல்லைக்கு அப்பால் இந்தியப் பகுதியில் இருந்துகொண்டே அவர் இயக்கத்தை நடத்தினார்.

விடுதலை மலர்ந்தது

1954ஆம் ஆண்டில் போராட்டம் உச்சம் அடைந்தது. ஏனாமும் மாகியும் பிரெஞ்சுப் பிடியிலிருந்து விடுபட்டன. அக்டோபர் 18 அன்று கீழூரில் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சுப்பையா தாய்மண்ணுக்குத் திரும்பினார். காரைக்காலுக்கும் தஞ்சைக்கும் இடையே இரு நூற்றாண்டுக்கு மேல் நின்ற அயலாட்சி எல்லை அகன்றது.

எனினும் சட்டப்படியான இணைப்பு உடனே நிகழவில்லை. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானபோது, வட ஆப்பிரிக்காவில் அல்சீரிய விடுதலைப் போர் மூண்டிருந்தது. ஒரு நிலத்தை விட்டுக்கொடுப்பது மற்றொன்றுக்கு முன்மாதிரியாகிவிடும் எனப் பிரான்சில் பலர் தயங்கினர். அல்சீரியா விடுதலை பெற்ற 1962ஆம் ஆண்டில்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 16 அன்று இணைப்பு முழுமை பெற்றது. காரைக்காலின் விடுதலையும் கடல்கடந்த மக்களின் விடுதலையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாயின.

விடுதலைக்குப் பின்

விடுதலையோடு தம் கடமை முடிந்ததெனச் சுப்பையா ஓய்ந்துவிடவில்லை. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து உழைப்பவர்க்காக வாதாடினார். 1969இல் அமைந்த கூட்டணி அரசில் அமைச்சராகப் பொறுப்பேற்றார். பிரெஞ்சிந்திய விடுதலை இயக்கத்தின் வரலாற்றைத் தம் பட்டறிவிலிருந்து நூலாகவும் எழுதி வைத்தார். 1993 அக்டோபர் 12 அன்று மறைந்தார்.

கொடி மாறுவது விடுதலையின் ஒரு பகுதி. உழைப்பவர் வாழ்வு மாறுவது மறுபகுதி. இரண்டையும் பிரித்துப் பார்க்காததே சுப்பையாவின் தனிச்சிறப்பு. மக்கள் அவரை 'மக்கள் தலைவர்' என்று அழைப்பதன் பொருளும் அதுவே.