காவிரிக் கரையில் வேதம் கேட்ட துறவி: சுவாமி அபிஷிக்தானந்தர்

நம் பங்கின் பொன்விழா மலருக்குப் புனிதர் ஒருவருடைய சரித்திரம் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பங்கின் பாதுகாவலரைப் பற்றி வெள்ளிவிழா மலரிலேயே விரிவாக வந்துவிட்டது. ஆகவே பீடத்தில் ஏற்றப்படாத, நம்மில் பலர் பெயர் மட்டுமே கேள்விப்பட்டுள்ள துறவி ஒருவரை இங்கே நினைவுகூர விரும்பினோம். இவரை ஏன் தேர்ந்துகொண்டோம் என்பது போகப்போக விளங்கும்.

ஆன்றி லெ சோ என்னும் இயற்பெயர் கொண்ட சுவாமிகள், பிரான்சு நாட்டின் பிரிட்டனிப் பகுதியில் கடலோரச் சிற்றூராகிய சேன் பிரியாக்கில் 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் பிறந்தார். 1929இல் கெர்கோனான் என்னும் ஊரிலுள்ள புனித ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்து, 1935இல் குருப்பட்டம் பெற்றார். ஆசீர்வாதப்பருடைய ஒழுங்கின்படி துறவியின் அன்றாட நேரத்தில் ஒரு பகுதி வேத வாசிப்புக்கு உரியது. அது தேர்வுக்குப் படிப்பதுபோன்ற படிப்பன்று. ஒரு வசனத்தை எடுத்து, பசு அசைபோடுவதுபோல் மெல்ல அசைபோட்டு, அது உள்ளே இறங்கும்வரை காத்திருப்பது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இவ்வாறு வாசித்துப் பழகிய மனிதர்தாம் நம் நாட்டுக்கு வந்தார் என்பதை மறந்துவிடலாகாது.

அவருக்கு முன்பே இங்கு வந்திருந்தவர் லியோன் நகரத்துக் குருவான ஜூல் மோன்ஷானின். 1939இல் வந்த இவர் திருச்சி மறைமாவட்டத்தின் கிராமப் பங்குகளில் பத்தாண்டுகள் ஊழியம் செய்தவர். பெரும் படிப்பாளி, ஆயினும் ஓலைக் கூரைக் கோவில்களிலும் வெயிலிலும் மலேரியாவிலும் முணுமுணுக்காமல் காலம் தள்ளியவர். பங்குக் குருவாயிருந்து பார்த்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். லெ சோ அனுப்பிய கடிதத்துக்கு ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சா ஆண்டகையின் இசைவும் மோன்ஷானினுடைய அழைப்பும் கிடைக்கவே, 1948 ஆகஸ்டில் அவர் குளித்தலை வந்து சேர்ந்தார். 1950 மார்ச் 21, புனித ஆசீர்வாதப்பர் திருநாளன்று, தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரை மாந்தோப்பில் இருவரும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்று நாம் அறிவது அதுதான். காவி உடை, வெறுங்கால், மரக்கறி உணவு, தரையில் உட்கார்ந்து கையால் உண்பது என எல்லாம் இந்த நாட்டுச் சந்நியாசிகள் வழக்கப்படியே. மோன்ஷானின் பரம அரூபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தேசுவரானந்தர் என்றும் பெயர் தரித்தார்கள். பின்னது காலப்போக்கில் அபிஷிக்தானந்தர் என்று சுருங்கியது. வத்திக்கான் பொதுச்சங்கம் கூடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த காரியம் இது.

நம் பொருளுக்கு முக்கியமான நிகழ்ச்சி அதற்கும் முந்தியது. 1949 சனவரியில் இருவரும் திருவண்ணாமலைக்குச் சென்று இரமண மகரிஷியைத் தரிசித்தார்கள். சுவாமிகள் ஏதோ பெரிதாக எதிர்பார்த்துப் போனார். முதலில் ஏமாற்றமே அடைந்தார். காய்ச்சல் வேறு. ஆனால் ஆசிரமத்தில் ஓதப்பட்ட வேத பாராயணம் அவரைப் பற்றிக்கொண்டது. பொருள் விளங்குமுன்பே அந்த ஓசை அவருடைய உள்ளத்தின் அடியில் போய் அமர்ந்தது. பிறருடைய வேதத்தை அவர் முதன்முதல் எதிர்கொண்டது நூலகத்தில் அன்று. அதை நம்பி ஓதுகிறவர்களின் நடுவில், காய்ச்சலோடு, வாய்திறவாமல் உட்கார்ந்தபடி. பின்னால் அவர் செய்ததற்கெல்லாம் இதுவே வித்து என்று நமக்குத் தோன்றுகிறது.

1952 தொடங்கி அண்ணாமலையின் குகைகளில் பலமுறை தனித்துத் தங்கினார். 1955இல் திருக்கோவிலூர்த் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைக் கண்டு, மறு ஆண்டு அவரிடம் சில வாரம் தங்கி மௌனம் பழகினார். உபநிடதங்களைத் தம் மடத்தில் வேதாகமத்தை வாசித்த அதே முறையில் வாசித்தார். கேட்டல், சிந்தித்தல், அதில் தோய்ந்து நிற்றல் என்று உபநிடதம் சொல்லும் படிகளும், ஆசீர்வாதப்பர் மடத்து வாசிப்பும் ஒன்றுக்கொன்று அந்நியமாக அவருக்குத் தெரியவில்லை.

இதனால் அவருக்குக் கிடைத்தது நிம்மதி என்று யாரும் எண்ண வேண்டாம். பல ஆண்டுகள் அவர் நெஞ்சம் இரண்டாகக் கிழிந்தே கிடந்தது. கிறிஸ்துவை விட முடியாது. குகையில் கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்லவும் முடியாது. அன்றாடம் பூசை நிறைவேற்றிய குரு அவர். அதே கையால் தம் நாட்குறிப்பில் தம் கலக்கத்தையும் எழுதினார். அவர் எல்லை தாண்டிப் போகிறாரோ என்று தோழர் மோன்ஷானினே அஞ்சினார். இருவருக்குமிடையே மனம் சற்று விலகியது. 1957இல் சிகிச்சைக்காகப் பாரீசுக்குக் கொண்டு செல்லப்பட்ட மோன்ஷானின் அக்டோபர் 10ஆம் நாள் அங்கேயே காலமானார். ஆசிரமத்திலோ நிலைத்த துறவிக் குழு எதுவும் உருவாகவில்லை. ஏழெட்டு ஆண்டு உழைத்துக் கைக்கு வந்தது என்ன என்று கேட்டிருந்தால், மாந்தோப்பையும் ஒரு சிறு கோவிலையுமே காட்டியிருக்க முடியும். சுவாமிகளுடைய நாட்குறிப்பு அவர் இறந்த பின் 1986இல் பிரெஞ்சில் அச்சானது. அதில் கண்ட சில கருத்துக்களோடு நாம் உடன்பட முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆயினும் தம் வேதனையை மறைக்காதவரிடம் பாடம் கேட்கலாம்.

மோன்ஷானின் மறைந்தபின் சுவாமிகள் அடிக்கடி வடக்கே சென்றார். 1960இல் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். அக்காலத்தில் டில்லியில் சுவிட்சர்லாந்துத் தூதராக இருந்த ஜாக் ஆல்பர்ட் குட்டா என்பவர், இந்து சமய ஞானத்தைக் கிறிஸ்தவர்கள் எவ்வாறு அணுகுவது என்று கவலையோடு சிந்தித்த கத்தோலிக்கர். அவரும் சுவாமிகளும் நண்பர் சிலருமாக 1961இல் இமயமலை அல்மோராவில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். அடுத்த ஆண்டு டேராடூன் அருகே ராஜ்பூரிலும், 1963 டிசம்பரில் நாகபுரியிலும் மீண்டும் கூடினார்கள். கத்தோலிக்கக் குருக்களோடு ஆங்கிலிக்கன் முதலிய பிற சபையாரும் அமர்ந்தார்கள். இந்தக் காலத்தில் அது பெரிதாகத் தோன்றாது. பிற சபையாரோடு சேர்ந்து செபிப்பதற்கே பெரியோர் தயங்கிய காலம் அது.

அங்கு ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்துக் கைதட்டிப் பிரியும் வழக்கம் இல்லை. திருப்பலி, நெடுநேர மௌனம், பிறகு உபநிடதப் பகுதியும் வேதாகமப் பகுதியும் வாசித்தல், கேட்டவர் தம் உள்ளத்தில் பட்டதைப் பகிர்தல் என்பதாக நாட்கள் கழிந்தன. இதய குகையில் உறையும் மெய்ப்பொருளைப் பற்றி உபநிடதம் பேசுவதைக் கேட்ட காதோடு, தந்தை தம்முள்ளும் தாம் தந்தையுள்ளும் இருப்பதாக ஆண்டவர் இராவுணவின்போது உரைப்பதை அருளப்பர் நற்செய்தியில் கேட்டால், பழகிப்போன பகுதி புதிதாக ஒலிக்கிறது. இந்த அனுபவத்தைச் சுவாமிகள் பின்னர் ஒரு நூலாகவே எழுதினார். ஒன்றைச் சொல்ல வேண்டும். இவை அடிப்படையில் கிறிஸ்தவர்கள் கூடிய கூட்டங்கள்தாம். இந்துக்களோடு பேசப் போகுமுன் நம் காதை முதலில் சுத்தம் செய்துகொள்ளும் முயற்சி என்று கொள்ளலாம்.

1965 அக்டோபர் 28இல் பொதுச்சங்கம் பிற சமயங்களைக் குறித்து வெளியிட்ட அறிக்கை, அவற்றில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று கற்பித்தது. சுவாமிகள் இறந்த மறு ஆண்டு, 1974 டிசம்பரில், தந்தை அமலோற்பவதாஸ் அவர்களின் முயற்சியால் பெங்களூரில் பிற சமய வேதங்களைப் பற்றிய ஆய்வரங்கம் கூடியது. அவற்றைத் திருவழிபாட்டில் வாசிக்கலாமா என்ற கேள்விக்கு உரோமை இசைவு தரவில்லை. அந்த ஒழுங்குக்கு நாமும் கட்டுப்படுகிறோம். ஆனால் மாலை வேளையில், கோவிலுக்கு வெளியே, அயலாரோடு பாய் விரித்து உட்கார்ந்து வாசிப்பதை யாரும் தடுக்கவில்லை.

இனி, இவரை ஏன் தேர்ந்தோம் என்பதற்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தேர்ப்பவனி செல்லும் தெருவைப் பற்றி நம் ஊரில் எழுந்த மனத்தாங்கலை எல்லோரும் அறிவீர்கள். அமைதிக் கூட்டம் நடந்து, இரு தரப்பும் கையெழுத்திட்டாயிற்று. கையெழுத்தால் காகிதம் நிறைந்தது. கடைத்தெருவில் முகம் கொடுத்துப் பேசாத நிலை மாறவில்லை. அப்போதுதான் சுவாமிகளுடைய நினைவு வந்தது. மாதம் ஒரு ஞாயிறு மாலை, அந்தப் பக்கம் நான்கைந்து பேர், இந்தப் பக்கம் நான்கைந்து பேர், பங்குமனைத் தாழ்வாரத்தில் கூடினோம். யாருக்கும் சண்டையில்லாத நூல் என்று திருக்குறளில் தொடங்கினோம். மலைப்பொழிவையும் அதனோடு வைத்து வாசித்தோம். எல்லோரும் எல்லாவற்றையும் ஆமோதித்தார்கள். காப்பி குடித்துக் கலைந்தோம். இவ்வளவு எளிதாக நடக்கிறதே என்று நமக்கே சந்தேகம்.

நான்காம் மாதம், அந்தப் பக்கத்துப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம் ஒரு பகுதி வாசிக்க விரும்புவதாகச் சொல்லி, நம் வேதாகமத்தையே கேட்டு வாங்கி, 115ஆம் சங்கீதத்தைப் புரட்டினார். கண்ணிருந்தும் காணாத, காதிருந்தும் கேளாத சிலைகளைப் பற்றிய பகுதி. வருடக்கணக்காக நம் கோவில் ஒலிபெருக்கியில் அது தம் வீட்டுப் பூசையறைக்குள் வந்து விழுவதாகவும், அதைப் பாடும்போது நாங்கள் யாரை நினைத்துப் பாடுகிறோம் என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகவும், குரலை உயர்த்தாமல் கேட்டார். நாம் குருமடத்தில் படித்ததை எடுத்து விளம்பத் தொடங்கினோம். பெரிய அரசுகளின் தெய்வங்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்த சிறு இனத்தின் பாட்டு அது, என்று. பாதியில் நமக்கே உறைத்தது, கேட்கவில்லை, வழக்காடுகிறோம் என்று. நிறுத்திவிட்டோம்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நம் மறைக்கல்வி ஆசிரியை ஒருவர், சிறுவயதில் அதே வசனத்தைச் சொல்லிப் பக்கத்து வீட்டுத் தோழியின் பிள்ளையாரைக் கேலி செய்ததையும், அந்தப் பெண் அதன்பின் தன்னோடு பேசாமலே கல்யாணமாகிப் போனதையும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் வேதாகமத்தை மூடி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். தம் பக்கத்தில் நம் மக்களைக் குறிக்க வழங்கும் ஒரு சொல் உண்டு என்றும், அதைத் தாமும் வகுப்பறையில் சொல்லியிருப்பதாகவும் தலை குனிந்தபடி சொன்னார். அது எந்தச் சொல் என்று நாம் கேட்கவில்லை, நமக்குத் தெரியும். அன்றைக்குக் காப்பி ஆறிப்போயிற்று. கூட்டம் இன்றும் நடக்கிறது. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மூன்று பேர் புதிதாக வந்திருக்கிறார்கள்.

சுவாமிகளின் கடைசிக் காலத்தையும் சொல்லி முடிக்கிறோம். 1968இல் சாந்திவனத்தைத் தந்தை பீட் கிரிபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, உத்தரகாசி அருகே கங்கைக் கரையில் ஒரு குடிலில் வாழ்ந்தார். 1973 ஜூலை 14ஆம் நாள் ரிஷிகேசத் தெருவில் மாரடைப்பால் விழுந்தார். பிழைத்து எழுந்த அந்தச் சில மாதங்களில், இருபது ஆண்டுகளாகக் கிழிந்து கிடந்த உள்ளம் ஒன்றுபட்டு, அதுவரை அறியாத அமைதியை அடைந்ததாக நண்பர்களுக்கு எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் இந்தூரில், அருட்சகோதரிகளின் மருத்துவ இல்லத்தில் உயிர் துறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட அவருடைய எலும்புகள் பின்னாளில் சாந்திவனத்துக்குக் கொண்டுவரப்பட்டன.

பொன்விழா ஆண்டு முடியுமுன் நம் வாசிப்புக் குழுவினர் அவ்விடம் சென்று வர எண்ணியிருக்கிறோம். திருச்சி - கரூர் சாலையில் குளித்தலைக்குச் சற்று முன்பே தண்ணீர்ப்பள்ளி. ஆசிரியர் ஐயா காவிரியில் குளிக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். வேனில் இன்னும் ஐந்து இடம் இருக்கிறது. வர விரும்புவோர் பங்குமனையில் பெயர் கொடுக்கலாம்.