கொல்லிமலையில் வளர்ந்த வெள்ளைக்கார டாக்டர்: தொழுநோயாளிகளுக்குப் புருவம் வைத்துக் கொடுத்த பால் பிராண்ட் யார்?

காஸ்மெட்டிக் சர்ஜரி, அதன்பிறகு வீக்கம் வடிய மசாஜ் என்றதும் சினிமா நட்சத்திரங்கள்தான் நமக்கு ஞாபகம் வருவார்கள். ஆனால் வேலூரில் 70 வருஷத்துக்கு முன்பே இதெல்லாம் நடந்தது, அதுவும் தொழுநோயாளிகளுக்கு!

அதைச் செய்தவர் பால் பிராண்ட். 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவலின் இருவரும் மிஷனரிகள். ஒருநாள் தொழுநோயாளிகள் சிலர் வீட்டு வாசலுக்கு வர, அப்பா கையுறை போட்டுக்கொண்டு புண்களுக்கு மருந்து கட்டினார். பக்கத்தில் வரக் கூடாது என்று பிள்ளைகளுக்கு உத்தரவு. 9 வயதில் படிக்க இங்கிலாந்து போனார். 1929-ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார்.

தச்சு, கட்டட வேலை கற்ற பிறகுதான் பிராண்ட் மருத்துவம் படித்தார். 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைப் பிடித்துப் பார்த்தபோது, பிடி இரும்பு மாதிரி இருந்தது. அப்படியென்றால் முன்கைத் தசைகள் நல்லாத்தான் இருக்கு! அந்தத் தசைகளின் தசைநாரை எடுத்து விரல்களுக்கு மாற்றிக் கட்டினார். விரல்கள் நிமிர்ந்தன.

ஆபரேஷனோடு வேலை முடியாது. கை வீங்கும். ரத்தக்குழாயிலிருந்து கசிந்து தேங்கும் நீரை நிணநீர்க் குழாய்கள்தான் திரும்பக் கொண்டுபோக வேண்டும். வீக்கம் நீடித்தால் விரல் மறுபடி விறைத்துவிடும். அதனால் கையை உயர்த்தி வைப்பது, எண்ணெய் தடவி நீவுவது, தினமும் விரல் பயிற்சி என்று பிசியோதெரபிக்கும் சம அளவு முக்கியத்துவம் கொடுத்தார்.

இங்கேதான் எதிர்பாராத சிக்கல். கை சரியானவர்களே திரும்பி வந்து குறை சொன்னார்கள். மடங்கிய கை இல்லாததால் பிச்சை குறைந்துவிட்டது. முகத்தில் நோயின் அடையாளம் இருப்பதால் வேலையும் யாரும் தரவில்லை. பிராண்ட் இரண்டு வழி தேடினார். ஒன்று, நவஜீவ நிலையத்தில் தச்சுப் பயிற்சி. இன்னொன்று முகம்: அமுங்கிய மூக்கை உயர்த்தினார், உதிர்ந்த புருவத்துக்குத் தலைத்தோலை முடியோடு கொண்டுவந்து வைத்தார். அது தலைமுடி மாதிரியே வளரும், அடிக்கடி வெட்ட வேண்டும். சிலர் பெருமையில் வெட்டாமலே விட்டுவிட்டார்களாம்.

விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டே தேய்கின்றன என்று உலகுக்குப் புரியவைத்ததும் இவர்தான். ராத்திரி எலி கடிப்பதுகூட நோயாளிகளுக்குத் தெரியவில்லை. அதனால் அவர்களுக்குப் பூனை கொடுத்தார்கள்.

1966-ல் அமெரிக்கா போய், உணர்ச்சியிழந்த சர்க்கரை நோயாளிகளின் பாதங்களையும் காப்பாற்ற உழைத்தார். 2003-ல் காலமானார். அவரது பெற்றோரின் கல்லறைகள் கொல்லிமலையில்தான் இருக்கின்றன.