சுவரில்லா ஆலயமும் ஓவியர் பெயின்ரரும்

கண்டித் தலதா மாளிகைக்கு அணித்தே கூர்முனை வளைவுகளோடு நிற்கும் தூய பவுல் ஆலயம், மேனாட்டார் கொணர்ந்த கோதிக் முறையிற் கட்டப்பெற்றது. அந்நகரத்துத் திரித்துவக் கல்லூரியின் ஆலயமோ வேறு வகையினது. கண்டியரசரின் கொலுமண்டபமாகிய மகுல் மடுவவை முன்மாதிரியாகக் கொண்டு, துணை அதிபர் காஸ்ரர் பாதிரியார் கற்றூண்கள் நிரைத்து, பக்கச் சுவரின்றி அதனை வகுத்தார். 1935இல் அது திருநிலை பெற்றது.

அவ்வாலயத்தில் நான்கு பேரோவியங்கள் தீட்டியவர், அக்கல்லூரியின் பழைய மாணவரான டேவிட் பெயின்ரர். 1900இல் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயச் சமயத்தொண்டர். தாயார் சிங்களப் பெருமாட்டி. இலண்டன் ராயல் அக்கடமியிற் பயின்ற பின், புலமைப்பரிசில் பெற்று இத்தாலிக்கும் சென்றார்.

ஆங்குக் கண்டவற்றைப் படியெடுத்துத் தருதல் அவர்க்கு எளிதே. அவரோ அது செய்திலர். இயேசுநாதரைத் தாடியற்ற இளைஞராக எழுதினார். சிலுவையின் பின்னே கண்டற்காட்டை அமைத்தார். விவிலிய மாந்தர்க்கு இந்நாட்டார் முகமும் நிறமும் ஈந்தார். ஆள்வோர் முகமே தெய்வமுகம் என்றெண்ணப்பட்ட அந்நாளில் இது பெருந்துணிவேயாம்.

பின்னர்க் கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியின் அதிபராய் விளங்கி, 1975இல் மறைந்தார். கற்ற கலை பிறநாட்டதாயினும் காணுங் கண் நம்முடையதாதல் வேண்டும் என்பதற்கு, ஹந்தானை மலை நோக்கும் அந்நகரில் அவ்வோவியங்கள் இன்றும் சான்றாய் நிற்கின்றன.