வருமானம் 4 மடங்கு உயர்ந்தும் செலவு அதே 28 பவுண்ட்! தசமபாகத்தைத் தாண்டிக் கொடுத்த ஜான் வெஸ்லி

சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பள்ளி இருக்கிறது. கொழும்பில் வெஸ்லி கல்லூரி இருக்கிறது. யார் இந்த வெஸ்லி?

18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். அவர் காசைக் கையாண்ட விதம் இன்றும் திருச்சபைகளில் பேசப்படுகிறது.

கடனில் தவித்த குடும்பம்

1703-ல் எப்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார் ஜான் வெஸ்லி. அப்பா சாமுவேல் அங்கே பாதிரியார். வீடு நிறையப் பிள்ளைகள், கையில்தான் காசில்லை. 1705-ல் கடனைக் கட்ட முடியாமல் அப்பா சிறைக்கே போக வேண்டியதாயிற்று.

ஜான் நன்றாகப் படித்தார். 1726-ல் ஆக்ஸ்ஃபோர்டு லிங்கன் கல்லூரியில் பதவி கிடைத்தது. கஷ்டப்பட்டு வளர்ந்தவர் கையில் காசு வந்தால் என்ன செய்வார்? வசதியைப் பெருக்குவார். வெஸ்லி வேறு கணக்குப் போட்டார்.

அது என்ன 28 பவுண்ட் கணக்கு?

தசமபாகம்னா வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்குக் கொடுப்பது. ஒரு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல் ஓர் இளைஞரின் கணக்கை வெஸ்லி சொன்னார். அது அவருடைய சொந்தக் கதைதான் என்பது பரவலான கருத்து.

* முதல் ஆண்டு: வருமானம் 30 பவுண்ட், கொடுத்தது 2
* இரண்டாம் ஆண்டு: வருமானம் 60, கொடுத்தது 32
* மூன்றாம் ஆண்டு: வருமானம் 90, கொடுத்தது 62
* நான்காம் ஆண்டு: வருமானம் 120, கொடுத்தது 92

நாலு வருஷமும் செலவு அதே 28 பவுண்ட்தான். கவனித்துப் பார்த்தால், முதல் ஆண்டில் கொடுத்தது தசமபாகத்துக்கும் குறைவு. நான்காம் ஆண்டில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது. எவ்வளவு கொடுக்கணும் என்பதோடு, தனக்கு எவ்வளவு போதும் என்றும் முன்கூட்டியே முடிவு செய்ததுதான் இதில் விஷயம்.

பணம் முழுவதும் கடவுள் நம்பிக் கொடுத்தது, மனிதன் அதற்கு வெறும் உக்கிராணக்காரன் என்பது வெஸ்லியின் நம்பிக்கை. அதற்காக வீட்டைப் பட்டினி போடச் சொல்லவில்லை. முதலில் தன் குடும்பத்தின் தேவை, அடுத்து சபையில் இருப்பவர்கள், பிறகு எல்லா மனிதர்களும் என்று வரிசை வகுத்தார்.

ஏழையும் கொடுக்கலாம்

1742-ல் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம் என்று பேச்சு வந்தது. பலருக்கு அதற்கும் வழியில்லை. அப்படிப்பட்டவர்களைத் தன் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததைத் தானே கட்டுகிறேன் என்றார் ஓர் உறுப்பினர். அந்தத் திட்டமே நடைமுறைக்கு வந்தது.

1776-ல் வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி கேட்டு வெஸ்லிக்குக் கடிதம் வந்தது. லண்டனில் 2, பிரிஸ்டலில் 2 என மொத்தம் 4 வெள்ளி டீஸ்பூன்கள்தான் இருக்கின்றன, சுற்றிலும் பலர் ரொட்டிக்குத் தவிக்கும்போது வேறு வாங்கப் போவதில்லை என்று பதில் போட்டார்.

1785 ஜனவரி. வயது 81. ஏழைகளுக்கு ரொட்டியும் கரியும் தருவது வழக்கம்; ஆனா உடுத்தத் துணியும் இல்லையே என்று யோசித்தார். கணுக்கால் அளவு பனித் தண்ணீரில் லண்டன் தெருக்களில் 5 நாள் நடந்து, கையேந்தி 200 பவுண்ட் திரட்டினார். அதில் உடம்புக்கும் முடியாமல் போனது.

கடைசி வரை இருந்த வருத்தம்

நேர்மையாகச் சம்பாதி, வீண்செலவு செய்யாதே, முடிந்த அளவு கொடு. இந்த மூன்றும்தான் அவர் போதனை. முதல் இரண்டையும் கேட்டு உழைத்த பலர் பணக்காரர் ஆனார்கள். மூன்றாவதை மட்டும் மறந்துவிட்டார்கள். கடைசிக் காலப் பிரசங்கங்களில் வெஸ்லி திரும்பத் திரும்ப வருந்தியது இதைப் பற்றித்தான்.

1791 மார்ச் 2-ல், 87 வயதில் காலமானார். ஆடம்பர இறுதி ஊர்வலம் வேண்டாம், 6 ஏழைகள் சவப்பெட்டியைச் சுமக்கட்டும், ஆளுக்கு ஒரு பவுண்ட் கொடுங்கள் என்று உயிலில் எழுதியிருந்தார். கல்லறைக்குப் போகும் வழியிலும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.