இரைச்சலை வென்ற மேஜர்

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கணும் என்று பேரவைச் செயலாளர் வந்து நின்றபோது, எனக்குக் கவிதையெல்லாம் வராதுப்பா என்று நழுவப் பார்த்தேன். ஆள் விடவில்லை. சரி என்று பேனாவை எடுத்ததும் ஞாபகத்துக்கு வந்தது, ஐந்தாம் செமஸ்டர் கம்யூனிகேஷன் லேப் வைவாவில் நான் திருதிருவென்று விழித்த காட்சிதான்.

எஃப்.எம். ரிசீவரின் பிளாக் டயகிராமை மனப்பாடமாக வரைந்து முடித்திருந்தேன். எக்ஸ்டர்னல் சார், ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயருக்கும் டிஸ்கிரிமினேட்டருக்கும் நடுவில் இருந்த லிமிட்டர் கட்டத்தின் மேல் விரலை வைத்து, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அது லிமிட் பண்ணும் சார் என்றேன். பக்கத்தில் நின்ற நம்ம பசங்க வாயைப் பொத்திக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று சாயங்காலமே நூலகத்துக்குப் போய்ப் புரட்டினேன். அந்த ஒரு சின்னக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் முழு வாழ்க்கையே இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்தான் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். நிலவில் கால் வைத்தாரே, அந்த ஆம்ஸ்ட்ராங் வேறு. ஆனால் நிலவுக்கும் இவருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கம்பம் ஏறிய பையன்

1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க்கில் பிறந்தார் ஆம்ஸ்ட்ராங். அப்பா புத்தகப் பதிப்பகத்தில் வேலை. அம்மா ஆசிரியையாக இருந்தவர். சிறு வயதில் வந்த ஒரு நரம்பு நோயால் பையனுக்கு இரண்டு வருடம் பள்ளிக்கூடமே கிடையாது. கழுத்தும் தோளும் தானாக வெட்டி இழுக்கிற பழக்கம் ஆயுசுக்கும் நின்றுவிட்டது. கூச்ச சுபாவம், தனிமை. ஆனால் கம்பியில்லாத் தந்தி என்றால் மட்டும் சோறு தண்ணி வேண்டாம். மார்க்கோனியின் கதையைப் படித்துவிட்டு, யாங்கர்ஸ் என்ற ஊரில் தன் வீட்டுக் கொல்லையில் 125 அடி உயரத்துக்கு ஏரியல் கம்பம் நட்டு, அதன் உச்சிக்கு அவரே ஏறுவார். உயரம் என்றால் அவருக்குப் பயமே இல்லை.

பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் படிப்பு. மற்ற மாணவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் வரும்போது இவர் மோட்டார் சைக்கிளில் வருவார்.

ஒரு கையெழுத்தின் கதை

1906-இல் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் மூன்று மின்முனை கொண்ட ஆடியான் வால்வைச் செய்திருந்தார். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது செய்தவருக்கே சரியாகப் பிடிபடவில்லை. மாணவரான ஆம்ஸ்ட்ராங் அதை அளந்து அளந்து பார்த்தார். 1912-இல், பிளேட்டில் வரும் சிக்னலில் கொஞ்சம் எடுத்துத் திரும்பவும் கிரிட்டுக்கே கொடுத்தார். அவ்வளவுதான், காதில் ஹெட்போனை வைத்தால்தான் கேட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது! அந்தப் பின்னூட்டத்தை இன்னும் கூட்டினால், வால்வு தானே அலையை உண்டாக்க ஆரம்பித்தது. ரிசீவரும் அதிலேயே, டிரான்ஸ்மிட்டருக்கான ஆஸிலேட்டரும் அதிலேயே.

பேட்டன்ட் எடுக்கப் பணம் வேண்டும். அப்பாவோ முதலில் படிப்பை முடிக்கச் சொல்லிவிட்டார். உயிராக வைத்திருந்த மோட்டார் சைக்கிளை விற்றும் காசு பத்தவில்லை. கடைசியில் 1913 ஜனவரி 31 அன்று சர்க்யூட் படத்தை ஒரு நோட்டரியிடம் கொண்டுபோய்த் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்தார். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போடும்போது அக்டோபர் ஆகிவிட்டது.

டி ஃபாரஸ்ட் சும்மா இருக்கவில்லை. அது என்னுடையது என்று வழக்குக்கு வந்தார். அவர் கையில் இருந்த துருப்புச் சீட்டு, 1912 ஆகஸ்டில் அவருடைய உதவியாளர் நோட்டில் எழுதி வைத்த ஒரு குறிப்பு. இருபது வருடம் இழுத்த வழக்கு 1934-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் டி ஃபாரஸ்ட் பக்கம் முடிந்தது. பொறியாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. ரேடியோ பொறியாளர் சங்கம் தமக்கு முன்பு கொடுத்திருந்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க ஆம்ஸ்ட்ராங் மாநாட்டுக்கே போனார். சங்கம் வாங்க மறுத்து, அது அவருக்கே உரியது என்று மறுபடியும் அறிவித்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

ரெக்கார்டு நோட்டில் தேதியும் கையெழுத்தும் இல்லை என்று சார் திருப்பி அனுப்பினால் நாம் எப்படி முணுமுணுக்கிறோம்! ஒரு தேதி ஒரு மனிதரிடமிருந்து இருபது வருடத்தைப் பறித்த கதை இது. இதைப் படித்த பிறகு நான் ஒரு ரெக்கார்டைக்கூடத் தேதியில்லாமல் விட்டதில்லை.

முதல் உலகப் போரில் ராணுவத் தகவல் படை அதிகாரியாகப் பாரிஸ் போனார். மேஜர் பட்டம் அங்கே வந்ததுதான். 1918-இல் அங்கே உருவாக்கியது சூப்பர்ஹெட்ரோடைன் ரிசீவர். வரும் அலை எதுவானாலும் ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பெருக்குகிற முறை. நாம் பரீட்சைக்கு எழுதுகிற 455 கிலோஹெர்ட்ஸ், 10.7 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் இந்த வழியில் வந்தவை. 1922-இல் இன்னொரு கண்டுபிடிப்புக்காக ஆர்.சி.ஏ. நிறுவனம் 2 லட்சம் டாலரும் 60,000 பங்குகளும் கொடுத்தது. அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்த டேவிட் சர்னாஃப் இவருடைய நண்பர். அவருடைய செயலாளர் மரியனைத்தான் 1923-இல் ஆம்ஸ்ட்ராங் மணந்தார். கல்யாணப் பரிசு என்ன தெரியுமா? தன் கையால் செய்த போர்ட்டபிள் சூப்பர்ஹெட் ரேடியோ!

லிமிட்டர் என்ன செய்யும்?

இப்போது என்னுடைய வைவா கேள்விக்கு வருவோம்.

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, அம்மா மிக்ஸியை ஓட்டினால் போதும், கர்ர்ர் என்று ஒரே இரைச்சல். வெளியே மின்னல் வெட்டினால் உள்ளே படபடவென்று பொரியும். காரணம் எளிது. ஏ.எம்.-இல் பேச்சும் பாட்டும் அலையின் உயரத்தில்தான் ஏற்றப்படுகின்றன. மின்னலும் மோட்டார் பொறியும் வந்து சேர்வதும் அதே உயரத்தில்தான். எது பாட்டு, எது மின்னல் என்று ரிசீவருக்குத் தெரியாது.

செய்தியை உயரத்தில் ஏற்றாமல் அதிர்வெண்ணில் ஏற்றினால் என்ன என்று யோசித்தார் ஆம்ஸ்ட்ராங். இதை முன்பே பலர் நினைத்துப் பார்த்திருந்தார்கள். ஆனால் 1922-இல் கார்சன் என்ற கணித வல்லுநர், குறுகிய அலைவரிசையில் இதனால் லாபமில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டியதால் எல்லோரும் கைவிட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் மட்டும் எதிர்த் திசையில் போனார். குறுக்காதே, அகலப்படுத்து! 75 கிலோஹெர்ட்ஸ் வரை இப்படியும் அப்படியும் ஆடவிட்டால், இரைச்சல் உண்டாக்கும் சிறு ஆட்டம் அந்தப் பெரிய ஆட்டத்தின் முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

டிரான்ஸ்மிட்டரில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். கிறிஸ்டல் ஆஸிலேட்டர் தரும் கேரியரில் ஒரு பகுதியை இரண்டு வால்வு கொண்ட பேலன்ஸ்டு மாடுலேட்டருக்குக் கொடுத்தார். அது கேரியரை அமுக்கிவிட்டு சைடுபேண்டுகளை மட்டும் வெளியே விடும். அவற்றை 90 டிகிரி திருப்பி, மீண்டும் கேரியருடன் சேர்த்தார். நேராகச் சேர்த்திருந்தால் அம்பின் நீளம் கூடிக் குறையும், அது ஏ.எம். செங்குத்தாகச் சேர்த்ததால் அம்பு இடமும் வலமும் ஆடுகிறது. நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆடியோவை முன்கூட்டியே ஒரு திருத்தச் சுற்றில் விட்டுவிட்டால் கிடைப்பது எஃப்.எம். ஆட்டம் மிகச் சிறியது, 25 ஹெர்ட்ஸ் அளவுதான். அதை 64 மடங்கு, பிறகு 48 மடங்கு, ஆக 3072 மடங்கு பெருக்கினால் சுமார் 75 கிலோஹெர்ட்ஸ் வந்துவிடும். நம் பாடப்புத்தகத்தில் ஆம்ஸ்ட்ராங் முறை என்று இருப்பது இதுதான்.

ரிசீவரில் இருப்பது லிமிட்டர். ஒரு பென்டோடு வால்வை எடுத்து, பிளேட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் வேண்டுமென்றே குறைந்த வோல்டேஜ் கொடுத்துப் பட்டினி போட வேண்டும். கிரிட்டில் ஒரு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர். சிக்னல் பெரிதானால் கிரிட் கரன்ட் ஓடி, பயஸ் இன்னும் நெகட்டிவ் ஆகும். அலையின் மேல் தலை சாச்சுரேஷனில் வெட்டுப்படும், கீழ்த் தலை கட்-ஆஃபில் வெட்டுப்படும். உள்ளே எவ்வளவு உயரத்தில் வந்தாலும் வெளியே ஒரே உயரம். அந்த உயரத்தில் ஏறி வந்த மின்னலும் மிக்ஸியும் அங்கேயே காலி. செய்தி அதிர்வெண்ணில் இருப்பதால் அதற்குச் சேதாரம் இல்லை. பின்னால் வரும் ஃபாஸ்டர்-சீலி டிஸ்கிரிமினேட்டர் உயர மாற்றத்துக்கும் அசைந்து கொடுக்கும். அதனால் லிமிட்டரை எடுத்தால் இரைச்சல் நேராக ஸ்பீக்கருக்கு வந்துவிடும். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

நண்பரே பகைவரானார்

1933 டிசம்பர் 26 அன்று எஃப்.எம். பேட்டன்டுகள் கிடைத்தன. 1934-இல் சர்னாஃபின் அனுமதியோடு எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து சோதனை. இடி மின்னலிலும் ஒலி பளிங்குபோல் கேட்டது. ஆனால் ஆர்.சி.ஏ.-க்கு ஏ.எம். வியாபாரம் கொழித்துக்கொண்டிருந்தது, அடுத்த ஆசை டெலிவிஷன். 1935-இல் கருவிகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

அதே வருடம் நவம்பர் 5 அன்று பொறியாளர் கூட்டத்தில் நேரடிச் செய்முறை காட்டினார். டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதும் காகிதம் கசங்குவதும்கூட அசலாகக் கேட்டதாம். பிறகு சொந்தக் காசைக் கொட்டி நியூஜெர்சி மாநிலம் ஆல்பைனில் 400 அடிக்கு மேல் கோபுரம் எழுப்பி நிலையம் நடத்தினார். 1940-இல் ஆர்.சி.ஏ. மொத்தமாக 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. மற்ற கம்பெனிகள் விற்பனையில் பங்கு தரும்போது உங்களுக்கு மட்டும் சலுகை எதற்கு என்று மறுத்துவிட்டார். போர் வந்ததும் தன் பேட்டன்டுகளை ராணுவத்துக்கு இலவசமாகவே கொடுத்தார். 1946 ஜனவரி 10 அன்று அமெரிக்க ராணுவம் நிலவில் ரேடார் அலையை மோதித் திரும்பக் கேட்டதே, அதில் இவர் வடிவமைத்த கருவி இருந்தது. நான் சொன்ன நிலவுத் தொடர்பு இதுதான்.

1945-இல் பேரிடி. எஃப்.எம். அலைவரிசையை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே, 88-க்கு அப்பால் அரசு மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த லட்சக்கணக்கான ரேடியோப் பெட்டிகள் ஒரே உத்தரவில் பயனற்றுப் போயின. 1948-இல் ஆர்.சி.ஏ. மேல் வழக்குப் போட்டார். வக்கீல்கள் வருடக்கணக்கில் கேள்வி கேட்டு இழுத்தடித்தார்கள். பேட்டன்ட் காலமும் கரைந்தது, பணமும் கரைந்தது. வீட்டிலும் நிம்மதி இல்லை. 1953 நவம்பரில் ஒரு சண்டைக்குப் பிறகு மரியன் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். 1954 ஜனவரி 31 இரவு, தனியாக இருந்த ஆம்ஸ்ட்ராங் மனைவிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நோட்டரியிடம் முதல் கையெழுத்து வாங்கி அன்றோடு சரியாக 41 வருடம்.

என்னத்தைச் சொல்ல! அந்த வருடக் கடைசியிலேயே ஆர்.சி.ஏ. 10 லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்து மரியனிடம் சமாதானம் செய்துகொண்டது. மற்ற கம்பெனிகளோடு அந்த அம்மா ஒவ்வொன்றாக வழக்காடி, 1967-இல் கடைசி வழக்கையும் ஜெயித்தார். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் அதையெல்லாம் அவரே கண்ணால் பார்த்திருப்பார்.

முடிவாக

நண்பர்களே, இவர் தோற்றவர் இல்லை. 1977 ஜூலை 23 அன்று அன்றைய மெட்ராஸில் ஆகாசவாணியின் எஃப்.எம். ஒலித்தபோது, மின்னலுக்கு அஞ்சாத இவருடைய அலைதான் நம் ஊருக்கும் வந்தது. வால்வு போய் ஐ.சி. வந்துவிட்டது. ஆனாலும் எஃப்.எம். ரிசீவர் சிப்பின் பிளாக் டயகிராமில் லிமிட்டர் என்ற கட்டத்தைப் பார்க்கலாம்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. வானத்து இரைச்சலையெல்லாம் வெட்டி எறியச் சுற்று கண்டுபிடித்தவருக்கு, மனசுக்குள் எழுந்த இரைச்சலை வெட்டப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் போனதே! அந்த வைவாவிலும் ஒரு பேப்பரிலும் கோட்டைவிட்டு, அரியர் விழுந்ததை நான் வீட்டில் இரண்டு மாதம் மறைத்தேன். ராத்திரி தூக்கம் கிடையாது. கடைசியில் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் என்னை மொட்டைமாடிக்கு இழுத்துப் போய் உட்கார வைத்து, முழுசாகப் பேசவிட்டுக் கேட்டான். அவன் தீர்வு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் வந்தது. அரியரையும் எழுதி முடித்துவிட்டேன்.

ஆகவே, ரெக்கார்டில் தேதி போடுங்கள். லிமிட்டர் எதற்கு என்று புரிந்து படியுங்கள். பக்கத்து அறையில் ஒருத்தன் நாலு நாளாகப் பேசாமல் இருந்தால், கதவைத் தட்டி உள்ளே போய் உட்காருங்கள்.